சலங்கைக்குச் சுங்கத்தில் என்ன பெயர்?

ஆண்டு விழா அண்மிக்கும் காலத்தில், சட்டனில் வாழும் எம் பிள்ளைகளின் இல்லங்கள் பலவற்றில் ஒரு பொதியின் வரவுக்காகக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. சென்னையிலிருந்தோ, கொழும்பிலிருந்தோ, யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் அப்பொதியினுள் நாட்டிய உடையும், தலை முதல் இடை வரை அணியும் நகைகளும், சவுரியும், சலங்கையும் இருக்கும். உரிய நாளில் அது வந்து சேர்ந்தால் வீடெங்கும் மகிழ்ச்சி. வராதொழிந்தால், மேடையேற வேண்டிய பிள்ளைக்குக் கலக்கம்; பெற்றோருக்குக் கவலை.

இத்தகைய பொதிகளின் மேல் ஒட்டப்பட்டுள்ள சிறு தாளில், "டான்ஸ் செட் - 1" என்று மட்டும் எழுதியிருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எழுதியவர்க்கு அதன் பொருள் விளங்கும்; நமக்கும் விளங்கும். ஆனால் அதனை வாசிக்கும் சுங்க அலுவலர்க்கு அஃது யாது? உடையா? நகையா? இசைக்கருவியா? விளையாட்டுப் பொருளா? இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் வரை பொதி நகராது.

ஒரு பொருள் இன்னதென்று தெளிந்து, அதற்குரிய பெயரை வழுவின்றிச் சொல்லுதல் ஓர் அறிவு. அவ்வாறு சொல்லுதல் ஒரு நேர்மையும் ஆகும். சுங்கத் தீர்வைக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் கலை இவ்விரண்டையும் நம்மிடம் கேட்கின்றது. நாட்டிய அணிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கலையைச் சிறிது கற்போம்.

பெயரால் மாறும் வரி

பெயரில் என்ன இருக்கின்றது என்று பிள்ளைகள் கேட்கலாம். அவர்கள் விரும்பி உண்ணும் ஜஃபா கேக் இதற்கு நல்ல சான்று. பிரித்தானியாவில் கேக்கிற்குப் பெறுமதி சேர் வரி இல்லை. சொக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. அவ்வாறாயின் ஜஃபா கேக் எவ்வகையைச் சேர்ந்தது? 1991 ஆம் ஆண்டில் இவ்வழக்கு நடுவர் மன்றத்தின் முன் வந்தது. கேக் பழையதானால் இறுகும்; பிஸ்கட் பழையதானால் இளகும்; ஜஃபா கேக் இறுகுகின்றது என்பதும் அங்கு எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. மன்றம் அதனைக் கேக் என்றே தீர்ப்பளித்தது. வடிவமும் விற்கும் இடமும் பிஸ்கட்டைப் போன்றிருந்தும், பொருளின் உள்ளியல்பே பெயரை முடிவு செய்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பழந்தமிழரும் சுங்கமும்

சுங்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கும் பண்டங்களையும் ஏறும் பண்டங்களையும் அளந்து, அவற்றின் மீது சோழரின் புலிப் பொறியை இட்டு, அலுவலர் காத்து நின்ற காட்சியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. கரிகாற் பெருவளத்தானைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய நூல் அது. சுங்கத்துக்கு அக்காலத்தில் "உல்கு" என்ற பெயர் வழங்கியது. திருக்குறளில் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்திலும், அரசனுக்குரிய செல்வங்களுள் ஒன்றாக உல்கு கூறப்படுகின்றது. பிற்காலத்தில், 1070 முதல் 1122 வரை ஆண்ட முதலாம் குலோத்துங்கன் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று புகழப்பட்டான். வரியை விலக்கியமையால் ஓர் அரசனுக்குப் பட்டப்பெயர் அமைந்ததெனின், அவ்வரி மக்கள் வாழ்வை எவ்வளவு தொட்டிருத்தல் வேண்டும்!

நாம் வாழும் இலண்டனின் வரலாறும் இதனோடு ஒத்தது. ஆங்கிலக் கவிதையின் முன்னோருள் ஒருவராகிய ஜெஃப்ரி சோசர், 1374 ஆம் ஆண்டில் இலண்டன் துறைமுகத்தின் கம்பளிச் சுங்கக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். சொற்களை நிறுத்துப் பார்த்த புலவரே பண்டங்களின் கணக்கையும் பார்த்தார். இன்று அப்பணியை எச்.எம்.ஆர்.சி. எனப்படும் வருமான, சுங்கத் திணைக்களம் ஆற்றுகின்றது. அது 2005 ஆம் ஆண்டில், முன்பிருந்த சுங்கத் திணைக்களமும் உள்நாட்டு வருமானத் திணைக்களமும் ஒன்றாக்கப்பட்டதால் தோன்றியது.

உலகுக்கு ஒரு பட்டியல்

முற்காலத்தில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு சுங்கப் பட்டியல்கள் இருந்தன. ஒரு நாட்டில் ஒரு பெயர் பெற்ற பண்டம் மறு நாட்டில் வேறு பெயர் பெற்றது. இக்குழப்பத்தை நீக்க, பிரசெல்ஸ் நகரில் இயங்கும் உலகச் சுங்க நிறுவனம் ஒரு பொதுப் பட்டியலை அமைத்தது. இசைவு முறைமை எனப் பொருள்படும் பெயருடைய இதனைச் சுருக்கமாக எச்.எஸ். என்பர். 1988 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும் இப்பட்டியலின் ஒரு பதிப்பு 2022 இல் வெளிவந்தது. இந்தியா, இலங்கை, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இதன் அமைப்பைத் திருக்குறளைக் கொண்டு எளிதில் உணரலாம். குறள் பால்களாகவும், அதிகாரங்களாகவும், குறட்பாக்களாகவும் பிரிந்து நிற்கின்றது. 756 என்ற எண்ணைச் சொன்னால், அது 76 ஆம் அதிகாரத்தின் ஆறாம் குறள் என்று அறிகின்றோம். அவ்வாறே எச்.எஸ். பட்டியலும் 21 பகுதிகளாகவும், அவற்றுள் அதிகாரங்களாகவும், அவற்றுள் தலைப்புகளாகவும் பிரிந்துள்ளது. அதிகாரங்களின் எண் 97 வரை செல்கின்றது. 77 ஆம் அதிகாரம் மட்டும் பிற்காலத் தேவைக்கென வெறுமையாக விடப்பட்டுள்ளது.

711719 என்ற குறியீட்டைப் பிரித்துப் பார்ப்போம். முதல் இரண்டு இலக்கங்களாகிய 71, முத்து, மணி, பொன், வெள்ளி, அணிகலன் ஆகியவற்றுக்குரிய அதிகாரம். 7117 என்னும் நான்கு இலக்கங்கள் போலி அணிகலன் என்னும் தலைப்பு. நம் வழக்கில் கவரிங் நகை. 711719 என்னும் ஆறு இலக்கங்கள், அவற்றுள் பித்தளை, செம்பு போன்ற மலிவான உலோகத்தால் ஆனவை. சட்டைக் கைப்பொத்தான் வகைகளுக்கு மட்டும் 711711 எனத் தனி இடம் உண்டு. இவ்வாறு இலக்கங்கள் உலகெங்கும் ஆகும். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்க்கும். பிரித்தானியாவுக்குள் வரும் பண்டத்துக்குப் பத்து இலக்கங்கள் வேண்டும்.

தலை முதல் கால் வரை

இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி பூண்ட அணிகளை உறுப்புக்கு உறுப்பு பெயர் சொல்லி வரிசைப்படுத்துகின்றார். நாமும் ஒரு நாட்டிய மாணவியின் அணிகளை அவ்வாறே வரிசைப்படுத்தி, அவை சுங்கப் பட்டியலில் எங்கு அமைகின்றன என்று காண்போம்.

நெற்றிச்சுட்டி, தோடு, ஜிமிக்கி, மாட்டல், மூக்குத்தி, புல்லாக்கு, அட்டியல், பதக்கம், மாங்காய் மாலை, வங்கி, வளையல் ஆகியன உடலை அழகுசெய்யும் சிறு பொருள்கள். பித்தளையிலோ செம்பிலோ செய்து, பொன் முலாம் பூசி, கண்ணாடிக் கற்கள் பதித்திருந்தால் அவை 7117 ஆம் தலைப்புக்கு உரியன.

கூந்தலைத் தாங்கிப் பிடிக்கும் ஊசி, கவ்வி, சீப்பு ஆகியன எத்துணை அழகூட்டப்பட்டிருந்தாலும் நகையென்று கொள்ளப்படுவதில்லை. 71 ஆம் அதிகாரத்துக் குறிப்பே அவற்றை விலக்கி, 9615 ஆம் தலைப்புக்கு அனுப்புகின்றது.

சவுரிக்கு 6704 ஆம் தலைப்பு. மனித மயிரால் ஆனதாயின் ஓர் உபதலைப்பும், செயற்கை இழையால் ஆனதாயின் வேறோர் உபதலைப்பும் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றே, ஆயினும் எதனால் ஆனது என்று சொல்லியாக வேண்டும்.

சடையின் நுனியில் தொங்கும் குஞ்சலம் நூலால் மட்டும் ஆனதாயின் 5808 ஆம் தலைப்பு. துணியாலோ பிளாஸ்டிக்காலோ செய்த மல்லிகைச் சரத்துக்கு 6702. தோட்டத்தில் பறித்த மலராயின் அது 0603. அதற்குத் தாவரச் சுகாதார விதிகளும் உண்டு. உதட்டுச் சாயமும் கண்ணுக்குத் தீட்டும் மையும் 3304 ஆம் தலைப்பில் அடங்கும்.

ஒரே மேடையில், ஒரே பிள்ளையின் மேனியில் ஒன்றாக விளங்கும் அணிகள், பட்டியலில் எத்தனை அதிகாரங்களில் சிதறிக் கிடக்கின்றன! இதனாலேயே "டான்ஸ் செட்" என்னும் பெயர் சுங்கத்துக்குப் போதாதாயிற்று.

சிலம்பினுள் இருந்தது என்ன?

பாண்டியன் அவையில் நிகழ்ந்ததை எம் மாணவர் அறிவர். கோப்பெருந்தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. ஒன்றின் உள்ளே முத்துப் பரல். மற்றதன் உள்ளே மாணிக்கப் பரல். புறத்தை மட்டும் நோக்கியமையால் ஓர் உயிர் போயிற்று. ஒரு நகரே எரிந்தது. உள்ளிருப்பதை ஆராய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. நகையை வகைப்படுத்தும் சட்டமும் இவ்வுண்மையையே அடித்தளமாகக் கொண்டது.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் வழிவழியாகச் செய்யப்படும் கோயில் நகை புகழ் பெற்றது. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. வெள்ளியை அடித்தளமாக வைத்து, பொன் தகடு ஏற்றி, சிவப்புக் கற்கள் பதித்துச் செய்வது பழைய முறை. அதே வடிவத்தைப் பித்தளையில் வார்த்து, முலாம் பூசி, குறைந்த விலைக்கு விற்பதும் உண்டு. மேடையிலிருந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றே. சுங்கத்துக்கு ஒன்றல்ல. வெள்ளியால் ஆனது, அதன் மீது பொன் இருப்பினும், 7113 ஆம் தலைப்பில் உண்மையான அணிகலன்களோடு சேரும். பித்தளையால் ஆனது 7117 இல் சேரும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பித்தளையின் மீது மெல்லிய பொன் முலாம் பூசினால் அது போலி அணிகலனாகவே இருக்கும். ஆனால் பொன் தகட்டைச் சூடாக்கி அழுத்தியோ பற்றவைத்தோ பித்தளையைப் போர்த்தினால், அது 7113 க்கு உயர்ந்துவிடும். பூசுதல் வேறு, போர்த்துதல் வேறு.

கற்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. சிவப்புக் கண்ணாடி மாணிக்கம் போலத் தோன்றும். ஆயினும் அது கண்ணாடியே. 1902 இல் பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்ட் வெர்னேய் அறிவித்த முறையால், ஆய்கூடத்தில் மாணிக்கத்தையே வளர்க்க முடிகின்றது. இயற்கை மாணிக்கத்தின் அதே வேதியியல் அமைப்பு அதற்கு உண்டு. ஆதலால் செயற்கையாக வளர்த்த மாணிக்கம் பதித்த நகை, பித்தளையால் ஆனதாயினும், போலி அணிகலன் என்ற தலைப்பில் நிற்க முடியாது; மணிகளால் ஆன பொருள்களுக்குரிய 7116 ஐ நோக்கிச் செல்லும். பொன் முலாம் சிறிதளவாயின் சட்டம் பொறுத்துக்கொள்கின்றது. மாணிக்கத்துக்கு அப்பொறுத்தல் இல்லை. கடைக்காரரிடம் "இக்கல் எது?" என்று கேட்டறிவது வீண் வினாவன்று.

உடையா? வேடமா?

நாட்டிய உடையை விழாக்கால வேடப் பொருள் என்று எழுதலாமா என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. விழா, கேளிக்கைப் பொருள்களுக்கு 9505 என்னும் தலைப்பு இருப்பது உண்மையே. எனினும் 95 ஆம் அதிகாரத்தின் குறிப்பு, துணியாலான மாறுவேட உடைகளை அவ்வதிகாரத்திலிருந்து விலக்கி, ஆடைகளுக்குரிய 61, 62 ஆம் அதிகாரங்களுக்கு அனுப்புகின்றது. பின்னல் துணியாயின் 61. நெய்த துணியாயின் 62. பட்டுப் புடவையை வெட்டித் தைத்த பரதநாட்டிய உடை நெய்த துணியால் ஆனது. ஆதலால் 62 ஆம் அதிகாரமே அதன் இடம்.

அமெரிக்காவில் இதுபற்றிப் புகழ்பெற்ற இரண்டு வழக்குகள் நடந்தன. ரூபீஸ் என்னும் வேட உடை நிறுவனம் தொடுத்தவை அவை. 2003 இல், ஹலோவீன் நாளுக்கெனச் செய்த மெல்லிய, உறுதியற்ற வேடங்கள் ஆடையல்ல, விழாப் பொருள்களே என்று மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. அந்நிறுவனமே நத்தார்த் தாத்தாவின் உடைக்கும் அத்தீர்ப்பை நாடியது. ஆனால் 2019 இல் அதே மன்றம், நன்கு தைக்கப்பட்டு மீண்டும் மீண்டும் அணியத்தக்க அம்மேலங்கியும் காற்சட்டையும் ஆடைகளே என்றது. வேடத்துக்காக அணிவது என்ற நோக்கம் இரண்டிலும் ஒன்றே. தையலும் துணியும் உறுதியுமே வேறுபட்டன. மடிப்பு மடிப்பாக விசிறி வைத்து, அக்காள் அணிந்ததைத் தங்கை அணியும் அளவு உறுதியாகத் தைக்கும் எம் நாட்டிய உடை எப்பக்கம் சாரும் என்பதை வாசகரே உணர்வர்.

இனி, சலங்கை

தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தோல் பட்டையிலோ தடித்த துணியிலோ வரிசையாகப் பித்தளை மணிகளைக் கோத்தது சலங்கை. அது காலை அழகுசெய்வதால் நகையா? மணியாதலால் மணிக்குரிய 8306 ஆம் தலைப்பா? தாளத்துக்கு ஒலிப்பதால் தாளக் கருவிகளுக்குரிய 9206 ஆம் தலைப்பா? பட்டை தோலாதலால் 42 ஆம் அதிகாரமா?

இத்தகைய ஐயங்களைத் தீர்க்கவே எச்.எஸ். பட்டியலின் முன்னே ஆறு பொது விதிகள் அமைந்துள்ளன. முதல் விதி, தலைப்பின் சொற்களையும் அதிகாரக் குறிப்புகளையுமே சட்டமாகக் கொள்ளச் சொல்கின்றது. இதனால் முடிவு பெறாது, ஒரு பொருள் இரண்டு தலைப்புகளுக்கும் பொருந்துமாயின் மூன்றாம் விதி உதவும். பொதுவாகச் சொல்லும் தலைப்பைவிடக் குறிப்பாகச் சொல்லும் தலைப்பே ஏற்கப்படும். பல பொருள்கள் கலந்த பண்டமாயின், அதற்கு உயிரான இயல்பைத் தருவது எதுவோ அதனைக் கொண்டு வகுக்கப்படும். அதனாலும் முடியாவிடில், பொருந்தும் தலைப்புகளுள் எண் வரிசையில் இறுதியாக வருவது கொள்ளப்படும்.

சலங்கைக்கு இவ்விதிகளைப் பொருத்திப் பார்ப்போம். மணிகளை நீக்கினால் எஞ்சுவது வெறும் பட்டை. அதனை எவரும் சலங்கை என்னார். பட்டையை நீக்கினாலும் மணிகள் ஒலிக்கும். ஆகவே மணிகளே அதன் உயிர். தோலின் அதிகாரம் விலகிவிடுகின்றது. அழகுக்காக மட்டும் அணிவதன்று, ஒலிக்காக அணிவது என்பதால் நகை என்னும் வாதமும் தளர்கின்றது. எஞ்சி நிற்பன மணியும் தாளக் கருவியும். உலோகப் பொருள்களுக்குரிய பகுதியின் குறிப்பு, இசைக்கருவிகளை அப்பகுதியிலிருந்து விலக்குகின்றது. ஆதலால் ஆடுவோர் காலில் தாளத்தோடு இயங்கும் சலங்கையைக் கருவியெனக் கொள்வதா என்பதே இறுதி வினா. இவ்விடத்தில் ஊகித்து எழுதுவது முறையன்று. அதிகமாக இறக்குமதி செய்வோர், பொருளின் படத்தையும் விவரத்தையும் எச்.எம்.ஆர்.சி. திணைக்களத்துக்கு அனுப்பி, முன்கூட்டிய தீர்வைத் தீர்ப்பைப் பெறலாம். அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். திணைக்களத்தையும் இறக்குமதியாளரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும்.

சிறு கணக்கு

வகை மாறினால் தொகை எவ்வாறு மாறும் என்பதை ஒரு கணக்கால் காண்போம். சலுகை எதுவுமின்றி வரும் ஆடைக்குப் பிரித்தானியாவின் சுங்கத் தீர்வை பொதுவாக 12 சதவீதம். பெரியவர் ஒருவருக்கான நாட்டிய உடையின் பெறுமதி, அனுப்பும் செலவும் காப்புறுதியும் உட்பட, 200 பவுண் எனக் கொள்வோம்.

தீர்வை 24 பவுண். பெறுமதி சேர் வரி 20 சதவீதம். அது தீர்வையையும் சேர்த்த 224 பவுணுக்குக் கணிக்கப்படும். ஆகவே வரி 44 பவுண் 80 பென்ஸ். மொத்தம் 68 பவுண் 80 பென்ஸ்.

அவ்வுடை இளம் பிள்ளைகளின் அளவுக்கு மட்டுமே பொருந்துவதாயின், பிள்ளைகளின் ஆடை என்ற முறையில் பெறுமதி சேர் வரி சுழியமாகும். செலுத்த வேண்டியது 24 பவுணே. "சிறுமியின் உடை, வயது 9க்கான அளவு" என்று எழுதும் ஒரு வரியின் மதிப்பு இதுவாகும். கவரிங் நகைக்குரிய தீர்வை வீதம் ஆடைக்குரியதைவிடக் குறைவு. எனவே நகையையும் உடையையும் பிரிக்காது "உடை" என்று ஒரே சொல்லில் எழுதினால், நகைக்கும் கூடுதல் தீர்வை செலுத்த நேரும்.

பண்டம் எந்நாட்டில் தோன்றியது என்பதும் வீதத்தை மாற்றும். 2023 ஜூன் 19 இல் தொடங்கிய வளரும் நாடுகளுக்கான வர்த்தகத் திட்டத்தில் இலங்கைக்கு மேம்பட்ட சலுகையும் இந்தியாவுக்குப் பொதுச் சலுகையும் வழங்கப்பட்டன. 2025 ஜூலை 24 இல் இந்தியாவும் பிரித்தானியாவும் வர்த்தக உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டன. இத்தகைய உடன்பாடுகளால் வீதங்கள் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே பொதி வரும் நாளில் நடைமுறையிலுள்ள வீதத்தை அரசின் தீர்வை அட்டவணையிற் பார்த்தறிதலே தக்கது.

பெற்றோர் கவனத்துக்கு

2021 ஜனவரி 1 முதல், கடையிலிருந்து வாங்கும் பொதியின் பெறுமதி 135 பவுணுக்கு மேற்படாவிடின் சுங்கத் தீர்வை விதிக்கப்படாமலும், பெறுமதி சேர் வரி விற்பனையின்போதே பெறப்பட்டும் வருகின்றது. இத்தீர்வைச் சலுகையை 2029 மார்ச்சுக்குள் நீக்குவதாக அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. உறவினர் ஒருவர் மற்றொருவர்க்கு அன்பளிப்பாக அனுப்பும் 39 பவுணுக்கு மேற்படாத பொருளுக்குப் பெறுமதி சேர் வரி இல்லை. தாயகம் சென்று திரும்புவோர் தம்முடன் கொணரும் பொருள்கள் 390 பவுணைக் கடந்தால் விமான நிலையத்தில் அறிவித்தல் கடமை.

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லுதல் நம் கடன். நாமே விலை கொடுத்து வாங்கிய நகையை "அன்பளிப்பு" என்றும், வெள்ளி நகையைக் "கவரிங்" என்றும், 300 பவுண் பெறுமதியை 30 என்றும் எழுதுமாறு கடைக்காரரைக் கேட்பது சிலரிடம் காணும் பழக்கம். அது பிழை. பொருள் பறிமுதல் செய்யப்படலாம், தண்டமும் விதிக்கப்படலாம். வழியில் பொதி தொலைந்தால், எழுதிய 30 பவுணுக்கே இழப்பீடு கேட்க இயலும். இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. மேடையில் அறத்தைப் பாடி ஆடப்போகும் பிள்ளை, அந்த ஆட்டத்துக்கான அணி பொய்யின் வழியே வந்தது என்பதை அறிந்துகொள்ளும். பிள்ளைகள் நாம் எண்ணுவதைவிட அதிகம் கவனிக்கின்றனர்.

செய்யத்தக்கது எளிது. கடைக்காரரிடம் பொருள் பொருளாகப் பிரித்துப் பட்டியல் எழுதித் தரக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது, எத்தனை, என்ன விலை, எந்நாட்டிற் செய்தது ஆகிய ஐந்தும் இருத்தல் வேண்டும். பணம் செலுத்திய பற்றுச்சீட்டைப் பேணுங்கள். விழாவுக்கு முதல் வாரத்தில் வந்து சேருமாறு அல்லாது, ஒரு மாதம் முன்னரே வருமாறு அனுப்பச் சொல்லுங்கள்.

மாணவர்க்கு

இப்பணியில் பெற்றோர்க்கு உதவத் தக்கவர் மாணவராகிய நீங்களே. புல்லாக்கு மூக்கில் அணிவது என்றும், வங்கி மேற்கையில் அணிவது என்றும், ராக்கொடி கூந்தலின் பின்புறத்தில் வைப்பது என்றும் தமிழ் அறிந்த பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலம் அறிந்தமையால் அதனை இந்நாட்டு அலுவலர்க்கு விளங்க எழுதவும் அப்பிள்ளையால் முடியும். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்க்கு இஃது இயலாது. பொருளின் பெயர் மறைந்தால் பொருளைப் பற்றிய அறிவும் மெல்ல மறையும். "டான்ஸ் செட்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை தமிழ்ப் பெயர்கள் புதைந்து போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இவ்வாண்டு விழா முடிந்து நகைகளைப் பெட்டியில் வைக்கும்போது, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அதன் பெயரையும் அது எதனால் ஆனது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியினுள் வையுங்கள். அடுத்த முறை வரும் பொதிக்கும், உங்களுக்குப் பின் அந்நகையை அணியப்போகும் பிள்ளைக்கும் அத்தாள் துணை செய்யும்.

பயிற்சி

1. ஒட்டியாணம் தோலாலும், துணியாலும், பித்தளையாலும் செய்யப்படலாம். மூன்றும் ஒரே அதிகாரத்தில் அமையுமா? காரணம் கூறுக.

2. பித்தளை நெற்றிச்சுட்டி, செயற்கை இழைச் சவுரி, கொண்டை ஊசி, பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஆகியவற்றுக்குரிய தலைப்பு எண்களைக் கட்டுரையிலிருந்து எடுத்து எழுதுக.

3. பெரியவர் உடை ஒன்றின் பெறுமதி, அனுப்பும் செலவும் காப்புறுதியும் உட்பட, 150 பவுண். சலுகை எதுவும் இல்லையெனக் கொண்டு தீர்வையையும் பெறுமதி சேர் வரியையும் கணிக்க.

4. சலங்கை ஒரு தாளக் கருவியே என்று ஒருவரும், மணியே என்று மற்றொருவரும் வாதிடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.

அருஞ்சொற்பொருள்

உல்கு - சுங்கம்
தீர்வை - இறக்குமதிப் பண்டத்துக்கு அரசு விதிக்கும் வரி
பரல் - சிலம்பினுள் இடும் மணி
முலாம் - உலோகத்தின் மீது பூசும் மெல்லிய பொன், வெள்ளிப் பூச்சு
சவுரி - கூந்தலுடன் சேர்த்துப் பின்னும் பொய்ம்மயிர்
பறிமுதல் - அரசு கைப்பற்றிக்கொள்ளுதல்